வெட்ட வெட்ட இறுகும் உலோகங்கள்

சாதா இரும்புத் தகட்டில் துளை போட்ட டிரில்லை அதே வேகத்தில் எவர்சில்வர் தகட்டில் வைத்துப் பாருங்கள். முதலில் கொஞ்சம் இறங்கும். பிறகு கீச்சென்று சத்தம் வரும், லேசாகப் புகையும், துளையின் அடி பளபளக்கும். அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் டிரில் சுற்றுமே தவிர இறங்காது. ‘மெட்டீரியல் ஹார்டா இருக்கு’ என்று சொல்லி டிரில்லை மாற்றுவார்கள். புது டிரில்லும் அதே பளபளப்பில் மழுங்கும்.

ஆனால் அந்தத் தகடு கடையிலிருந்து வந்தபோது அப்படியொன்றும் கடினமாக இருக்கவில்லை. பதப்படுத்தி வரும் 304 கிரேடு எவர்சில்வர் (எஸ்.எஸ்.) சுமார் 200 பிரினெல் கடினத்துக்குள்தான் இருக்கும். கடைசல் பட்டறையில் அன்றாடம் கடையும் இஎன்8 எஃகும் கிட்டத்தட்ட அதே அளவுதான். துளையின் அடியில் இருந்த கடினத்தை உண்டாக்கியது அந்த டிரில்லேதான்.

இந்தக் குணம் எல்லா உலோகங்களுக்கும் ஓரளவு உண்டு. சிலவற்றில் மட்டும் அது தலைவலியாகும் அளவுக்கு மிகுதி. 304, 316 போன்ற எஸ்.எஸ். வகைகள், இன்கோனெல் போன்ற நிக்கல் கலவைகள், மாங்கனீஸ் எஃகு ஆகியவை அந்த வரிசையில் வருபவை. ‘ஃபீடை (சுற்றுக்கு டூல் முன்னேறும் தூரத்தை) குறைக்காதே’, ‘டிரில்லை நிறுத்திவைக்காதே’, ‘மழுங்கிய டூலோடு ஓட்டாதே’ என்று இவற்றுக்காகப் பட்டறைகளில் சொல்லப்படும் விதிகள் நிறைய. எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான்: அடுத்த வெட்டு எந்தப் பரப்பில் இறங்க வேண்டுமோ, அந்தப் பரப்பை இப்போதைய வெட்டுதான் தயார்செய்கிறது. இது பிடிபட்டால் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஏன் இறுகுகிறது?

ஒரு செம்புக் கம்பியை வளைத்துவிட்டு நிமிர்த்திப் பாருங்கள். வளைத்த இடம் நேராகாது. அதன் பக்கத்தில் புதிதாக இன்னொரு வளைவு விழும். வளைந்த இடம் அதற்குள் இறுகிவிட்டதுதான் காரணம். சூடாக்கவில்லை, எதையும் சேர்க்கவில்லை, உருவத்தை மாற்றியதே போதுமாக இருந்தது.

உலோகத்துக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கின்றன. உலோகம் வளையும்போதும் நசுங்கும்போதும் இந்த அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. ஓர் அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் நகர வேண்டுமென்றால் மிகப் பெரிய விசை தேவைப்படும். நிஜத்தில் அதைவிடப் பல மடங்கு குறைந்த விசையே போதுமாக இருக்கிறது. ஏன் என்பதற்கான விடையை டெய்லர், ஒரோவான், போலன்யி ஆகிய மூவரும் 1934இல் தனித்தனியாகச் சொன்னார்கள். அடுக்குகளில் ஆங்காங்கே பிசகுகள் இருக்கின்றன. நகர்வது அந்தப் பிசகுதான். பெரிய ஜமக்காளத்தை அப்படியே இழுத்தால் அசையாது. ஓரத்தில் ஒரு மடிப்பை எழுப்பி மறு ஓரம்வரை தள்ளிக்கொண்டு போனால் எளிதில் நகர்ந்துவிடும். பிசகு நகரும் விதமும் இதுவே.

உலோகத்தை உருமாற்ற உருமாற்றப் பிசகுகள் பெருகுகின்றன. பெருகியவை ஒன்றோடொன்று மோதிச் சிக்கிக்கொள்கின்றன. சிக்கியதை மேலும் நகர்த்த இன்னும் அதிக விசை வேண்டும். அந்தக் கூடுதல் விசையைத்தான் நாம் கடினம் என்று உணர்கிறோம்.

அலுமினியத்தில் சிக்கிய பிசகு பக்கத்து அடுக்குக்குத் தாவி விலகிப்போக முடியும். அதனால் அது இறுகினாலும் அளவோடு நிற்கும். எஸ்.எஸ்., நிக்கல் கலவை, மாங்கனீஸ் எஃகு ஆகியவற்றின் அணு அடுக்கில் அப்படித் தாவுவது கடினம். பிசகுகள் வந்த தடத்திலேயே குவிந்து நிற்கின்றன. இறுக்கம் வேகமாக ஏறுகிறது.

304இல் இன்னொன்றும் நடக்கும். குளிர்ந்த நிலையில் பலமாக உருமாற்றினால் அதன் அணு அடுக்கின் ஒரு பகுதி மார்ட்டன்சைட் என்ற கடினமான வகையாக மாறிவிடும். மார்ட்டன்சைட்டைக் காந்தம் இழுக்கும். தகடாக இருந்தபோது காந்தத்தில் ஒட்டாத நல்ல 304, ஆழமாக அழுத்திப் பாத்திரமாக்கியதும் வளைந்த ஓரங்களில் லேசாக ஒட்டுவது இதனால்தான். காந்தம் ஒட்டியதை மட்டும் வைத்து அதை மட்டமான சரக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. லேத்தில் வெட்டும் இடத்தில் சூடு அதிகம் என்பதால் இந்த மாற்றம் அங்கே குறைவு. சிக்கிக்கொள்ளும் பிசகுகளின் பங்கே பெரிது.

இறுகுவது எப்போதும் கெடுதல் இல்லை. 304ஐ சூடாக்கிச் சட்டென்று குளிர்விப்பதால் கடினமாக்க முடியாது. அது இளகத்தான் செய்யும். அதற்கு வலு ஏற்ற இழுப்பதும் உருட்டுவதுமே வழி. எஸ்.எஸ். ஸ்பிரிங் கம்பிகள் எல்லாம் இழுத்து இழுத்து இறுக்கப்பட்டவைதான்.

டூல் முனையில் நடப்பது

வெட்டும் டூலின் விளிம்பு எவ்வளவு கூராகத் தெரிந்தாலும், உருப்பெருக்கியில் பார்த்தால் முனை உருண்டிருக்கும். கோட்டிங் போட்ட சாதாரண கார்பைடு டிப்பில் இந்த உருளலின் ஆரம் பெரும்பாலும் 0.03 முதல் 0.05 மி.மீ. வரை. விளிம்பு உடையாமலிருக்க வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள்.

சீவவேண்டிய படலம் இந்த ஆரத்தைவிட நன்றாகத் தடித்திருந்தால் டூல் உலோகத்துக்குள் புகுந்து சுருளாகச் சீவி எடுத்துவிடும். படலம் மிக மெல்லியதாக இருந்தால் உருண்ட முனைக்கு உலோகத்தைத் தூக்க முடியாது. அதைக் கீழே அழுத்தித் தேய்த்துவிட்டுப் போகும். சுருள் வராது, சூடு வரும். தேய்பட்ட உலோகம் இறுகும். அடுத்த சுற்றில் டூல் இன்னும் கடினமான பரப்பைச் சந்திக்கிறது. இன்னும் அதிகம் தேய்க்கிறது. டிரில் நின்றுபோன துளையில் நடந்தது இதுதான்.

ஒழுங்காகச் சீவினாலும் கொஞ்சம் இறுகத்தான் செய்யும். டூல் போன பாதைக்கு அடியில் ஒரு மெல்லிய படலம் இறுகி நிற்கும். எஸ்.எஸ்.-ஐக் கூரான டூலால் கடைந்தால் அதன் ஆழம் பொதுவாக மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். டூல் மழுங்கினால் இரண்டு மூன்று மடங்காகும். படலத்தின் மேல்பகுதியில் கடினம் அடியில் உள்ளதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு வரை போகலாம். எனவே அடுத்த வெட்டு இந்தப் படலத்துக்குள்ளேயே ஓடக் கூடாது. அதற்கு அடியில், இறுகாத உலோகத்தில் ஓட வேண்டும். இது ஒன்றுதான் அடிப்படை விதி.

இதோடு சூடும் சேர்கிறது. 304இன் வெப்பம் கடத்தும் திறன் சாதாரண கார்பன் எஃகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இன்கோனெலில் அதைவிடவும் குறைவு. எம்.எஸ். எனும் சாதா இரும்பைக் கடையும்போது சூட்டில் கணிசமான பங்கு சுருளோடும், கடையப்படும் ஜாபோடும் போய்விடும். இங்கே அது முனையிலேயே தங்குகிறது. சூட்டில் டூல் மழுங்கும், மழுங்கிய டூல் தேய்க்கும், தேய்த்தால் இறுகும்.

லேத்தில்

எம்.எஸ். பழக்கத்தில் கை தானாகச் செய்யும் ஒரு வேலை, சத்தம் வந்தால் ஃபீடைக் குறைப்பது. எஸ்.எஸ்.-இல் அது நிலைமையை மோசமாக்கும். ஃபீடு குறைந்தால் படலம் மெலியும், டூல் தேய்க்கத் தொடங்கும். குறைக்க வேண்டியது ஆர்.பி.எம்.மை. சூட்டைத் தீர்மானிப்பதில் வேகத்தின் பங்கே அதிகம்; தேய்க்கிறதா சீவுகிறதா என்பதைத் தீர்மானிப்பது ஃபீடும் ஆழமும்.

50 மி.மீ. விட்டமுள்ள 304 உருளையைக் கோட்டிங் போட்ட கார்பைடு டிப்பால் கடைவதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 150 மீட்டர் வெட்டு வேகம் என்றால் சுமார் 955 ஆர்.பி.எம். வரும். ஃபீடு சுற்றுக்கு 0.2 மி.மீ., ஆழம் 1.5 முதல் 2 மி.மீ. என்று வைத்தால் டூல் இறுகிய படலத்துக்குக் கீழே வசதியாக ஓடும். வேகத்தை ஒரேயடியாகத் தாழ்த்துவதும் தவறு. மிகக் குறைந்த வேகத்தில் எஸ்.எஸ். டூல் முனையில் அப்பிக்கொள்ளும். அப்பியது பிய்ந்து வரும்போது டிப்பின் கோட்டிங்கையும் பிய்த்துக்கொண்டு வரும்.

ஃபினிஷிங்கில் ஒரு மறைவான பொறி இருக்கிறது. டிப்பின் மூக்கு ஆரம் 0.8 மி.மீ., ஆழம் 0.1, ஃபீடு 0.1 என்று வைத்தால், வெட்டு முழுவதும் மூக்கின் வளைவிலேயே நடக்கும். அங்கே படலம் தடிமனான இடத்திலேயே ஃபீடில் பாதி, அதாவது 0.05 மி.மீ.தான், மற்ற இடங்களில் இன்னும் மெலிந்து, முனையின் உருளலைவிடக் குறைந்துவிடும். பளபளப்புக்காக வைத்த மெல்லிய வெட்டு தேய்ப்பாக மாறும் கணக்கு இது. ஃபினிஷிங்குக்கு 0.4 மூக்கு ஆரமுள்ள, விளிம்பு கூராக்கப்பட்ட டிப் இந்த வகை உலோகங்களுக்கு நல்லது.

இன்னொரு தொல்லை, ஆழக் கோட்டில் டிப் பள்ளமாகத் தேய்வது. போன வெட்டு விட்டுச்சென்ற இறுகிய மேற்பரப்பு, டிப்பின் விளிம்பில் ஒரே ஒரு புள்ளியைத்தான் தொடர்ந்து உரசுகிறது. மற்ற இடம் புதிதாக இருக்கும்போதே அந்த இடத்தில் வெட்டுக்காயம் விழுந்துவிடும். இதற்குத் தீர்வு எளிது: ஒவ்வொரு பாஸிலும் ஆழத்தை மாற்றுங்கள். 3 மி.மீ., பிறகு 2.5, பிறகு 2 என்று போனால் உரசல் விளிம்பில் இடம் மாறிக்கொண்டே போகும். வட்ட டிப், 45 பாகை சாய்ந்த டிப் ஆகியவையும் உரசலை நீண்ட விளிம்பில் பரப்பிவிடும். ஆனால் சாய்ந்த டிப்பில் படலம் மெலியும். 45 பாகையில் அது ஃபீடில் பத்தில் ஏழு பங்குதான். அந்த அளவுக்கு ஃபீடை ஏற்ற வேண்டும்.

மெஷினும் பிடியும் இறுக்கமாக இருப்பது இங்கே பாதி வேலை. டூல் வெளியே நீட்டிக்கொண்டு அதிர்ந்தால், ஒவ்வொரு அதிர்விலும் ஒரு கணம் விலகி ஒரு கணம் தேய்க்கும். சுருளையும் கவனியுங்கள். எஸ்.எஸ். சுருள் நீளமாக, உறுதியாக, கத்தி விளிம்போடு வரும். கையால் இழுக்கக் கூடாது. ஃபீடு போதிய அளவு இருந்தால்தான் டிப்பின் சிப் பிரேக்கர் அதை உடைக்கும்.

டிரில்லில்

டிரில்லின் நடுமுனையில் சுற்று வேகம் கிட்டத்தட்ட பூஜ்யம். அந்த இடம் வெட்டுவதில்லை; உலோகத்தை அழுத்தி ஒதுக்குகிறது. இறுகும் உலோகத்துக்கு இதைவிட மோசமான தொடக்கம் இல்லை. அதனால் முனை 135 பாகையில் தீட்டி, நடு விளிம்பு பிளந்த டிரில்லை எடுங்கள். கோபால்ட் கலந்த ஹை ஸ்பீடு எஃகு என்றால் சூட்டைத் தாங்கும்.

10 மி.மீ. துளை என்றால் வெட்டு வேகம் நிமிடத்துக்கு 12 மீட்டர், அதாவது சுமார் 380 ஆர்.பி.எம். எம்.எஸ்.-க்கு வைப்பதில் பாதிக்கும் குறைவு. ஃபீடு சுற்றுக்கு 0.12 மி.மீ.யாவது இருக்கட்டும். கை டிரில்லாக இருந்தால் இதன் பொருள்: மெதுவாகச் சுற்று, பலமாக அழுத்து, தொடங்கினால் நிறுத்தாதே. நாரைப்போல் தொடர்ந்து சுருள் வரும்வரை சீவுகிறது. தூளாக வந்தாலோ ஒன்றும் வராமல் போனாலோ தேய்க்கிறது.

சென்டர் பஞ்சைச் சுத்தியலால் ஓங்கி அடிப்பதும் அந்த இடத்தை இறுக்கும். லேசான குறி போதும். ஆழத் துளைக்கு டிரில்லை அடிக்கடி வெளியே எடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் சட்டென எடுத்து, துளைக்குள் சுருள் தங்காமல் பார்த்து, முழு ஃபீடோடு மறுபடி இறக்க வேண்டும். அடியில் டிரில்லைச் சும்மா சுழலவிடக் கூடாது. சி.என்.சி. புரோகிராமில் துளையின் அடியில் காத்திருக்கச் சொல்லும் கட்டளை இருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே பளபளத்துப்போன துளையை மீட்க, அதே டிரில்லை இன்னும் அழுத்துவது பயன் தராது. கூர் போகாத புது கார்பைடு டிரில்லை மெஷினில் இறுக்கமாகப் பிடித்து, உறுதியான ஃபீடில் இறுகிய படலத்தைத் தாண்டிவிடலாம். முடிந்தால் ஜாபைத் திருப்பி மறுபுறத்திலிருந்து போடலாம்.

மரை போடும்போது இந்தச் சிக்கல் கடைசியில் வெடிக்கும். மழுங்கிய டிரில் போட்ட துளையின் சுவர் இறுகியிருக்கும். அதற்குள் டேப் இறங்கும்போது உடையும். புதுக் கூரில் துளை போடுவது முதல் பாதுகாப்பு. துளையைச் சற்றுப் பெரிதாக்குவது இரண்டாவது: எம்10 மரைக்கு வழக்கமான 8.5 மி.மீ.க்குப் பதில் 8.6 வைத்தால் மரை அளவு எல்லைக்குள்ளேயே நிற்கும், டேப்பின் சுமை கணிசமாகக் குறையும்.

மில்லிங்கில்

கட்டர் எந்தத் திசையில் வெட்டுகிறது என்பதே இங்கே முக்கியம். பழைய முறையான கன்வென்ஷனல் மில்லிங்கில் ஒவ்வொரு பல்லும் பூஜ்யத் தடிமனில் தொடங்கித் தடித்துக்கொண்டே போகும். அதாவது ஒவ்வொரு பல்லும் முதலில் தேய்த்து, இறுக்கி, அதன் பிறகே புகும். கிளைம்ப் மில்லிங்கில் பல் தடித்த இடத்தில் புகுந்து மெலிந்து வெளியேறும். இறுகும் உலோகங்களுக்கு இதுவே ஏற்றது. ஆனால் டேபிள் திருகில் ஆட்டம் உள்ள பழைய மெஷினில் கிளைம்ப் மில்லிங் செய்தால் கட்டர் ஜாபை உள்ளே இழுத்துக்கொள்ளும். அங்கே இதைச் செய்யக் கூடாது.

கூலன்ட் விட்டு விட்டுச் சொட்டக் கூடாது. வெட்டும் இடத்துக்கே தாராளமாகப் பாய வேண்டும். இன்கோனெல் வேலைகளில் 70 பார் அழுத்தத்தில் கூலன்ட் அடிக்கும் ஏற்பாடுகள் வந்ததற்குக் காரணம், முனையில் தங்கும் சூட்டை விரட்டுவதும் சுருளை உடைப்பதும்தான்.

மூன்று உலோகங்கள், மூன்று கதைகள்

இன்கோனெல் 718 ஜெட் எஞ்சின்களின் முக்கிய உலோகங்களில் ஒன்று. பாதிக்கு மேல் நிக்கல், சுமார் ஐந்தில் ஒரு பங்கு குரோமியம், கொஞ்சம் நையோபியம். சிவக்கும் சூட்டிலும் வலு இழக்காமலிருக்கவே அதை உருவாக்கினார்கள். வெட்டும் சூட்டிலும் அது இளகாமல் நிற்பது அதனால்தான். கார்பைடு டிப்பில் வேகம் நிமிடத்துக்கு 30 முதல் 50 மீட்டர் வரைதான். செராமிக் டிப்பில் மட்டும் கணக்கு தலைகீழ்: 200 மீட்டருக்கு மேல் ஓட்டி, டிப்புக்கு முன்னாலுள்ள உலோகத்தைச் சூட்டால் இளக்கியே வெட்டுகிறார்கள். செராமிக் அந்தச் சூட்டைத் தாங்கும், கார்பைடு தாங்காது.

மாங்கனீஸ் எஃகு 1882இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ராபர்ட் ஹாட்ஃபீல்டு கண்டுபிடித்தது. சுமார் 12 சதவீதம் மாங்கனீஸ், 1 சதவீதத்துக்குச் சற்று மேல் கார்பன். ஆயிரம் பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கித் தண்ணீரில் அமிழ்த்தினால் சாதாரண எஃகு இறுகும். இது இளகி, சுமார் 200 பிரினெலில் வந்து நிற்கும். அதன் பிறகு அடி விழ விழ மேற்பரப்பு 500 பிரினெல்வரை ஏறும், உள்ளே உடையாத தன்மை அப்படியே இருக்கும். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்களின் தலைக்கவசம், கல் உடைக்கும் கிரஷரின் தாடை, தண்டவாளங்கள் குறுக்கிடும் கிராசிங் எல்லாவற்றுக்கும் இதைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான். இந்திய ரயில்வேயிலும் வார்ப்பு மாங்கனீஸ் எஃகு கிராசிங்குகள் உண்டு. சக்கரங்கள் அடிக்க அடிக்க அவை இறுகுகின்றன. இதே குணம் டூலுக்கு எதிராகத் திரும்புவதால், இந்த எஃகைக் கூடியவரை வார்ப்பிலேயே வடிவத்துக்குக் கொண்டுவந்து, மீதியை கிரைண்டிங்கில் முடிப்பது வழக்கம்.

டைட்டானியத்தையும் பலர் இதே பட்டியலில் சேர்க்கிறார்கள். அது இறுகுவது எஸ்.எஸ்.-ஐவிடக் குறைவு. அதன் தொல்லை வேறு: வெப்பத்தை எளிதில் கடத்தாது, எஃகைவிட அதிகம் வளைந்து கொடுக்கும், சூட்டில் டூலோடு ஒட்டும். தீர்வுகள் ஒத்திருப்பதால் காரணமும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

உலோகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருந்தால், வேலையில் பாதி அங்கேயே முடியும். கந்தகம் சேர்த்த 303 கிரேடு 304ஐவிட எளிதாக வெட்டுப்படும், சுருளும் உடையும். வெல்டிங்குக்கு அது ஆகாது, துருவை எதிர்ப்பதிலும் சற்றுப் பின்தங்கும். வெல்டிங் இல்லாத சிறு ஷாஃப்ட், நட், ஃபிட்டிங் வேலைகளுக்கு அது போதும்.

கடைசி அளவுக்கு வருவது

அளவு பிடிப்பதில்தான் பெரும்பாலான ஜாப்கள் கெடுகின்றன. எம்.எஸ்.-இல் அளவுக்குப் பக்கத்தில் வந்து, 0.05 மி.மீ. ஒரு சீவல், பிறகு ஆழமே கொடுக்காமல் ஒரு பாஸ் என்று மெல்ல நெருங்குவோம். எஸ்.எஸ்.-இல் அந்த மெல்லிய சீவல் முழுவதும் இறுகிய படலத்துக்குள் விழும். டூல் ஒரு முறை வழுக்கும், அடுத்த முறை திடீரென ஆழமாகக் கடிக்கும். அளவு கைக்கு அடங்காது.

அதனால் கடைசி பாஸுக்கு முன்பே திட்டமிடுங்கள். 40 மி.மீ. ஷாஃப்ட் என்றால் 41.2இல் நிறுத்தி, புது விளிம்பு போட்ட டிப்பால் ஆரத்தில் 0.3 மி.மீ. வெட்டுங்கள். ஜாபை ஆறவிட்டு அளந்து பாருங்கள். 304 சாதாரண எஃகைவிட அதிகம் விரியும். அறைச் சூட்டைவிட 50 பாகை கூடுதல் சூட்டில் அளந்தால் 40 மி.மீ.யில் நூறில் மூன்று பங்கு மி.மீ. கூடுதலாகக் காட்டும். எதிர்பார்த்த 40.6க்குப் பதில் 40.63 இருந்தால், டூல் எவ்வளவு விலகிக்கொடுக்கிறது என்பது தெரிந்துவிட்டது. அதைக் கணக்கில் சேர்த்து, அதே டிப், அதே ஃபீடு, அதே ஆர்.பி.எம். வைத்து, ஏறக்குறைய அதே 0.3 மி.மீ. ஆழத்தில் கடைசி பாஸை ஓட்டுங்கள். நிலைமை ஒன்றே என்பதால் விலகலும் ஒன்றாகவே இருக்கும். டூலும் இறுகாத உலோகத்திலேயே ஓடி முடிக்கும். இந்த இரண்டு பாஸுக்கும் சேர்த்து டிப்பின் ஒரு விளிம்பு செலவானாலும், கெட்டுப்போன ஒரு ஷாஃப்டின் விலைக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.